சோறு வேறாக, மீன் வேறாக: பிரித்துச் சாப்பிட்டால் சமிபாடு கூடுமா? வன்னி வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

சிறுபோக அறுவடை முடிந்த கையோடு விசுவமட்டில் மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தபோது மாமியின் கோப்பையில் சிவப்பரிசிச் சோறு, பூசணிக்காய்க் கறி, முருங்கையிலை வறை, ஒரு மோர்மிளகாய். மீன்குழம்புச் சட்டி அடுப்படியில் மூடியபடி இருந்தது.

"மீன் போடேல்லையோ மாமி?"

"அது பின்னேரம் பிள்ளை. சோத்தோட சேர்த்தால் வயித்துக்கை கிடந்து புளிச்சுப் போகுமாம். மூண்டு கிழமையா இரண்டையும் பிரிச்சுத்தான் சாப்பிடுறன். வயிறு இப்ப பஞ்சு மாதிரி இருக்கு."

மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஒரு வீடியோவில் கேட்டதாம். மாப்பொருளும் புரதமும் சேரக்கூடாது, பழம் தனியாகத்தான் சாப்பிட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் நாலு மணித்தியாலம் விட வேண்டும். பல வருடமாக வயிற்றுப் பொருமலோடும் புளிச்ச ஏப்பத்தோடும் கிடந்த மாமிக்கு அது வேலை செய்திருக்கிறது. அவவின் வயிறு லேசானது பொய்யில்லை. ஆனால் அவ கேட்ட காரணம் பிழை. நான் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சமிபாட்டுத் தொகுதியை வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறவள். மாமிக்கு அன்று சொன்னதையும், பிறகு இரண்டு பேருமாகக் கொப்பி வைத்துப் பார்த்ததையும் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இதே வீடியோ இப்போது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருக்கிறது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது

வில்லியம் ஹவார்ட் ஹே என்ற அமெரிக்க வைத்தியர் (1866–1940) தன்னுடைய சொந்த நோய்க்காகச் சாப்பாட்டை மாற்றி, நிறை குறைந்து, சுகமானவர். அந்த அனுபவத்திலிருந்து அவர் ஒரு விதி செய்தார். புரதம் சமிக்க அமிலம் வேண்டும், மாப்பொருள் சமிக்கக் காரம் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பது விதி. அமிலமும் காரமும் சேர்ந்தால் நடுநிலையாகும் என்று எங்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள்தானே. அதனால் கேட்டவுடன் சரி போலத்தான் தெரியும்.

பிழை எங்கே இருக்கிறது? நம் உணவுக் கால்வாயை அவர் ஒரே சட்டியாக நினைத்துவிட்டார். அது ஒரு சட்டி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் உள்ள நீண்ட வீடு.

ஒரு கவளத்தோடு உள்ளே போய்ப் பார்ப்போம்

இதை வாசிக்கிறவர்கள் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். கறி, சொதி எதுவும் படாத வெறுஞ்சோறு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, விழுங்காமல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மென்றுகொண்டிருங்கள். முதலில் ஒரு சுவையும் இராது. பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்ல இனிப்புத் தட்டும். சீனி போடாத சோறு இனிப்பது, உமிழ்நீரிலுள்ள அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளை வெல்லமாக உடைக்கத் தொடங்கியதால்தான். மாப்பொருளின் சமிபாடு வாயிலேயே தொடங்கிவிட்டது.

இனிச் சோறும் மீனும் இரைப்பைக்குள் போகின்றன. அங்கே அமிலம் கடுமை. வெறுவயிற்றில் பி.எச் பெறுமானம் (இது குறையக் குறைய அமிலம் கடுமை) 1.5 முதல் 3.5 வரை இருக்கும். பெப்சின் என்ற நொதியம் மீனின் புரதத்தை அறுக்கத் தொடங்குகிறது. சோற்றின் வேலை அங்கே மெல்ல நின்றுபோகிறது. உடனேயும் நிற்பதில்லை, ஏனென்றால் இரைப்பையின் மேற்பகுதியில் கவளம் கவளமாகக் கிடக்கும் உணவுக்குள் அமிலம் ஊறிச் சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். சோற்றுக்கு இது ஒரு நட்டமுமில்லை. அதன் பெரிய வேலை அடுத்த அறையில் காத்திருக்கிறது.

இரைப்பை அரைத்துக் கூழாக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்சிறுகுடலுக்குள் விடுகிறது. கொழுப்பும் புரதமும் வந்ததை அறிந்தவுடன் குடற்சுவர் ஓமோன்களை விடுகிறது. பித்தப்பை சுருங்குகிறது, சதையி (கணையம்) தன் சாற்றை ஊற்றுகிறது. சதையிச் சாறு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் சுரக்கும். அதிலுள்ள இருகாபனேற்று இரைப்பையிலிருந்து வந்த அமிலத்தைத் தணிக்கும். அதே சாற்றில் மாப்பொருளுக்கு அமிலேசு, புரதத்துக்குத் திரிப்சின், கொழுப்புக்கு இலிப்பேசு, எல்லாம் ஒன்றாகவே வருகின்றன. சோறு தனியாகப் போனாலும் மீன் தனியாகப் போனாலும் அந்தச் சாறு கலப்பாகத்தான் வரும். ஆறு மீற்றர் அளவு நீளமான சிறுகுடலில் அமிலேசும் திரிப்சினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. இரண்டுக்கும் விருப்பமான சூழலும் ஏறத்தாழ ஒன்றேதான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வவுனியாவில் விளையும் உளுந்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம், 59 கிராம் காபோவைதரேற்று. முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ்ஸை நிற்பாட்டி வாங்கும் கச்சானில் புரதமும் கொழுப்பும் மாப்பொருளும் ஒரே தோலுக்குள். அரிசியிலேயே 7 கிராம் அளவு புரதம் உண்டு. தாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பால்வெல்லமும் ஒன்றாக உண்டு. இயற்கையே பிரித்துத் தராததை நாங்கள் கோப்பையில் பிரிக்க முடியாது.

ஒடியற்கூழை நினைத்தால் எனக்கு இந்த விதியில் கோபமே வருகிறது. ஊறவைத்துக் கசப்பு நீக்கிய ஒடியல்மா, மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை, இறால், நண்டு, மீன், புளி, செத்தல்மிளகாய், எல்லாம் ஒரே பானைக்குள். மாப்பொருள், புரதம், இலை, புளிப்பு எல்லாம் ஒன்றாகக் கொதித்து, பிளாவில் ஊற்றி, வேர்க்க வேர்க்க உறிஞ்சிக் குடித்துவிட்டு எழும்பி வயலுக்குப் போன சனம் நாங்கள்.

சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த சுவிற்சர்லாந்து ஆய்வொன்றில் உடல் பருத்த 54 பேரை இரண்டு குழுவாக்கி, ஆறு கிழமை ஒரே அளவு சக்தி (நாளொன்றுக்கு 1100 கிலோகலோரி) உள்ள சாப்பாடு கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குப் பிரித்த சாப்பாடு, மற்றக் குழுவுக்குக் கலந்த சாப்பாடு. பிரித்துச் சாப்பிட்டவர்கள் சராசரி 6.2 கிலோ குறைந்தார்கள், கலந்து சாப்பிட்டவர்கள் 7.5 கிலோ. இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் புள்ளிவிபரக் கணக்கில் பொருட்படுத்தக்கூடியது இல்லை. அந்த ஆய்வு பார்த்தது நிறையைத்தான், பொருமலை இல்லை. ஆனாலும் பிரிப்பதால் உடலுக்குள் தனியாக ஒரு நன்மை நடந்திருந்தால் அங்கே ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் மாமிக்கு ஏன் சுகமானது?

இதைத்தான் நான் அன்று பின்னேரம் முழுக்க மாமியோடு இருந்து கேட்டேன். முன்பு மத்தியானம் எத்தனை அகப்பை சோறு? மூன்று, மீன்குழம்பு நல்லாயிருந்தால் நாலு. இப்போது? இரண்டு. மீனில்லாத சோறு இரண்டாம் முறை போடச் சொல்லவில்லை. முன்பு இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? ரீவி பார்த்து முடிய ஒன்பதரை, சாப்பிட்டவுடன் படுக்கை. இப்போது மீனைப் பின்னேரம் ஆறு மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிடுகிறா, இரவில் ஒரு வாழைப்பழம் மட்டும். எண்ணெயில் பொரித்தது? அந்த வீடியோவில் பொரியலும் கூடாது என்றதால் விட்டுவிட்டா. பாணும் சீனிச்சம்பலும்? அதுவும் போய்விட்டது.

அளவு குறைந்தது. படுப்பதற்கு முன் வயிறு காலியானது. எண்ணெய் குறைந்தது. என்ன சாப்பிடுகிறோம் என்ற கவனம் வந்ததால் ஆறுதலாக மென்று சாப்பிட்டா. இந்த நாலில் எதற்கும் சோற்றையும் மீனையும் பிரிக்கத் தேவையில்லை.

பிரிப்பதால் இழப்பதோ கொஞ்சமில்லை. முருங்கையிலையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து இலகுவில் உறிஞ்சப்படாத வகை. அதே கோப்பையில் மீனோ இறைச்சியோ இருந்தால், அல்லது தேசிக்காய்ப் புளி விட்டால், உறிஞ்சப்படும் அளவு கூடும். கீரையிலும் பூசணியிலும் உள்ள கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும், அதனால்தான் வறைக்குள் தேங்காய்ப்பூ. லைசீனும் மெதியோனீனும் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள். அரிசியில் குறைவான லைசீன் பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவான மெதியோனீனை அரிசி கொடுக்கும்.

2009 ஐத் தாண்டி வந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் கொதித்த கஞ்சியில் உயிர் பிடித்து வந்தோம். ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்கிறோம். சோற்றுக்குப் பக்கத்தில் மீனும் கீரையும் பருப்பும் இருக்கிற ஒரு கோப்பையை, இருக்கும்போது, ஒரு வீடியோவுக்காகப் பிரித்து வைப்பதை என் மனம் ஏற்கவில்லை.

ஊரில் சொல்லும் "சேராதவை"

ஹேயின் விதிக்கு முன்னமே எங்களிடம் சேராதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதை ஒரேயடியாகத் தூக்கியெறியவும் வேண்டாம், கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

மீனும் தயிரும். சேர்த்துச் சாப்பிட்டால் வெண்குட்டம் வரும் என்பார்கள். வெண்குட்டம் என்பது தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களை உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அழிப்பதால் வருவது. மீனாலும் வராது, தயிராலும் வராது. ஆனால் மீன் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்துக் கடித்ததை ஊரில் பலர் கண்டிருப்பார்கள். சூரை, சாளை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் அவற்றில் அந்தத் தடிப்பைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். சமைத்தாலும் அது அழியாது. முல்லைத்தீவுக் கரையில் காலையில் பிடித்த மீன் உள்ளூருக்குள் பெட்டியில் வரும்போது பதினொரு மணியாகிவிட்டால், பிழை தயிரில் இல்லை, ஐஸில். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், பெட்டிக்குள் ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

மரவள்ளியும் இஞ்சியும். மரவள்ளி சாப்பிட்ட அன்று இஞ்சித் தேத்தண்ணி குடித்தால் நஞ்சு என்று இலங்கை முழுக்கச் சொல்வார்கள். நஞ்சு மரவள்ளிக்குள்ளேயே இருக்கிறது. கிழங்கில் லினமரின் என்ற பொருள் உண்டு, அது உடைந்தால் சயனைட்டு வரும். இஞ்சியை ஒளித்து வைப்பதால் அது போகாது. உட்தோலையும் சேர்த்து உரித்து, சிறு துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் சட்டியை மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கசக்கும் கிழங்கையும் நீலம் ஓடிய கிழங்கையும் எறிந்துவிடுங்கள். இஞ்சிக்குப் பயந்து இந்த வேலையைக் கவனியாமல் விடுவதுதான் ஆபத்து.

பழமும் சோறும். சோற்றுக்கு மேல் பழம் போனால் அது கீழே போக வழியில்லாமல் இரைப்பைக்குள் நொதித்துப் புளிக்கும் என்கிறது வீடியோ. நொதிக்க நுண்ணுயிர் பெருக வேண்டும். இரைப்பையின் அமிலத்தில் பெரும்பாலானவை தங்காது. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் புளிச்ச ஏப்பம் பழுதான பழத்தின் புளிப்பில்லை, இரைப்பையின் சொந்த அமிலம் மேலே வருவது. பாலைப்பழக் காலத்தில் காட்டோரம் போனவர்களுக்குத் தெரியும், உதடெல்லாம் பால் ஒட்ட ஒட்ட வெறுவயிற்றில் ஒரு பேணி பழம் தின்றாலும் வயிறு பொருமும். அப்போது சோறு எங்கே இருந்தது? பழத்தின் வெல்லம் அளவுக்கு மிஞ்சினால் உறிஞ்சப்படாத மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதிக்கும்.

தேத்தண்ணியும் சோறும். ஒருவரும் பயப்படாத சேர்க்கை இது. உண்மையில் பிரிக்க வேண்டியது இதைத்தான். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, கீரையும் பருப்பும் தரும் இரும்பில் உறிஞ்சப்படும் அளவைப் பாதிக்கு மேலும் குறைக்கக்கூடும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். வயதுக்கு வந்த பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது, படிப்படியாக

முதலாம் படி: இது வெறும் பொருமல்தானா என்று பார்த்தல்

சாப்பாட்டைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போதல் (இரும்புக் குளிசை எடுப்பவர்களுக்கு அதனாலும் கறுக்கும்), இரத்த வாந்தி, விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் நிறை குறைதல், கண் மஞ்சளாதல், நித்திரையிலிருந்து எழுப்பும் வலி, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய செமியாக்குணம். இவற்றில் ஒன்று இருந்தாலும் கொப்பியும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம், ஆசுப்பத்திரிக்குப் போங்கள். நெஞ்செரிவு என்று நினைப்பது வேர்வையோடு, மூச்சுத் திணறலோடு, கைக்கோ தாடைக்கோ பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். சோடா குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 க்கு எடுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

இரண்டாம் படி: குளிசைகளை மேசையில் பரப்புதல்

வயிற்றுக் குழப்பத்துக்குச் சாப்பாட்டைக் குற்றம் சொல்கிறோம், குளிசையை ஒருவரும் பார்ப்பதில்லை. நாரி உளைவுக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்ற வலிக் குளிசைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். நீரிழிவுக்கான மெற்போமின் பலருக்குப் பொருமலும் வயிற்றோட்டமும் தரும், சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். வயல் வேலைக் காலத்தில் எலிக்காய்ச்சலைத் தடுக்கத் தரும் டொக்சிசைக்கிளினை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தால் அது களத்தில் (உணவுக்குழாயில்) ஒட்டிச் சுட்டுவிடும். சாப்பிட்ட பின், ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு எடுத்து, அரை மணித்தியாலமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும்.

பிரிக்க வேண்டியவை என்று உண்மையான பட்டியல் ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையையும் கல்சியம் குளிசையையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது. இரும்பைத் தேத்தண்ணியோடோ பாலோடோ விழுங்கக்கூடாது. தைரொயிட்டுக்கான தைரொக்சினை விடிய வெறுவயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும். டொக்சிசைக்கிளினையும் சிப்ரோபுளொக்சசினையும் பாலோடு எடுக்கக்கூடாது. எந்தக் குளிசையையும் நீங்களாக நிற்பாட்ட வேண்டாம், கிளினிக்கில் கேளுங்கள்.

மூன்றாம் படி: ஒரு கிழமை ஒன்றையும் மாற்றாமல் எழுதுதல்

பிள்ளைகளின் பழைய சதுரறைக் கொப்பி ஒன்று போதும். நேரம், என்ன சாப்பாடு, எத்தனை அகப்பை, எவ்வளவு நேரத்தில் சாப்பிட்டு முடித்தது, எப்போது படுத்தது. கரைச்சல் வந்தால் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், ஏப்பமா, எரிவா, ஊதலா, காற்றா.

இதில் நேரம்தான் பெரிய தடயம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் மேல்வயிறு பாரமாகி எரிந்தால், பெரும்பாலும் இரைப்பையின் கதை: அளவு, வேகம், எண்ணெய், உறைப்பு, படுக்கை. நாலு, ஆறு மணித்தியாலம் கழித்துக் கீழ்வயிறு ஊதிக் காற்றுப் போனால், சமியாத மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மத்தியானத்தில் அப்படி ஊதினால் அன்றைய மத்தியானச் சோற்றைத் திட்டிப் பிரயோசனமில்லை, காலைச் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுக்குப் போனால் பித்தக்கல்லாக இருக்கலாம், ஸ்கான் செய்ய வேண்டியது அது.

நாலாம் படி: பிரிக்காமல் செய்யும் திருத்தங்கள்

அடுத்த இரண்டு கிழமையும் சாப்பாட்டின் வகையை மாற்றாமல், சாப்பிடும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். வழக்கத்தில் ஒரு அகப்பை குறைவு. ஒரு கோப்பைச் சோற்றுக்கு இருபது நிமிடம். இரவுச் சாப்பாட்டுக்கும் பாய்க்கும் நடுவில் இரண்டு மூன்று மணித்தியாலம். சாப்பிட்ட பின் வளவுக்குள் பத்து நிமிடம் ஆறுதலாக நடை. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது சமிபாட்டைக் கெடுக்காது, அதற்குப் பயப்பட வேண்டாம். பலருடைய கரைச்சல் இந்தப் படியிலேயே முடிந்துவிடும்.

ஐந்தாம் படி: சந்தேகப்பட்டவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தல்

இன்னும் ஊதினால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருள், ஒரு கிழமை நிற்பாட்டல், பிறகு இரண்டு வெவ்வேறு நாளில் திரும்பச் சாப்பிட்டுப் பார்த்தல். இரண்டு தரமும் கரைச்சல் வந்தால்தான் அது குற்றவாளி. ஒரேயடியாகப் பத்துச் சாமான் நிற்பாட்டினால் எது காரணம் என்று கடைசி வரைக்கும் தெரியாது.

முதலில் கடலை, கௌபி, பயறு, உளுந்து. இவற்றிலுள்ள ரஃபினோஸ் வகை வெல்லங்களை உடைக்கும் நொதியம் மனிதருக்கு இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பற்றீரியாவுக்கு உணவாகிக் காற்றாகும். இதற்காகப் பயறு வகையை விட வேண்டாம், விட்டால் எங்கள் சனத்துக்கு மலிவான புரதம் வேறில்லை. இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரை ஊற்றி, புதுத் தண்ணீரில் பூப்போல அவியுங்கள். முளைகட்டினால் இன்னும் நல்லது. ஒரு கைப்பிடியில் தொடங்கிக் கிழமைக்குக் கிழமை கூட்டினால் குடலும் பழகும்.

அடுத்தது பால். எங்கள் பகுதி உலகத்தில் வளர்ந்தவர்களில் கனபேருக்குப் பால்வெல்லத்தை உடைக்கும் லக்ரேசு குறைந்துவிடும். விடிய வெறுவயிற்றில் குடிக்கும் பால்தேத்தண்ணி ஏழு எட்டு மணிக்கு வயிற்றை இரையச் செய்தால் இதை நினையுங்கள். இங்கேதான் பிரித்துண்ணும் விதி முழுக்கத் தலைகீழாகிறது. அதே பாலைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் அது இரைப்பையிலிருந்து மெல்ல இறங்கும், இருக்கிற கொஞ்ச லக்ரேசுக்கும் நேரம் கிடைக்கும், கரைச்சல் குறையும். தயிரில் பால்வெல்லத்தின் ஒரு பகுதி ஏற்கனவே புளித்துப் போயிருப்பதால் பால் ஒத்துவராத பலருக்கு எருமைத்தயிர் ஒத்துவரும்.

பிறகு வெங்காயம், உள்ளி, கோதுமைமா. இவற்றிலுள்ள பிரக்ரான் என்ற பொருளும் பெருங்குடலில்தான் நொதிக்கும். இந்த வகை உணவுகளை ஒழுங்காகப் பட்டியலிட்டு ஆராய்ந்தது ஒஸ்ரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம். உள்ளியை முழுப்பல்லாக எண்ணெயில் வதக்கி மணம் இறங்கியதும் பல்லை எடுத்துவிட்டால், மணம் எண்ணெயில் நிற்கும், பிரக்ரான் எண்ணெயில் கரையாததால் பல்லோடு போய்விடும்.

ஆறாம் படி: இன்னும் ஆசை இருந்தால் பிரித்தும் பாருங்கள், ஆனால் நேர்மையாக

முதற் கிழமை இரண்டு அகப்பைச் சோறும் ஒரு துண்டு மீனும் சேர்த்து. இரண்டாம் கிழமை அதே இரண்டு அகப்பையும் அதே ஒரு துண்டும் பிரித்து. இரவுச் சாப்பாட்டு நேரம், எண்ணெய், தேத்தண்ணி எதுவும் மாறக்கூடாது. அளவையும் நேரத்தையும் கட்டிப்போட்டால்தான் பிரிப்பதற்குத் தனியாக ஒரு பலன் இருக்கிறதா என்று தெரியும்.

இன்சுலினோ நீரிழிவுக் குளிசையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், மெலிந்த முதியவர்கள் இந்தப் படியைச் செய்ய வேண்டாம். சிறுநீரக நோயாளர்களும் வேண்டாம், குறிப்பாகக் காலையில் பழம் மட்டும் என்ற விதி. வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியம் பழுதான சிறுநீரகத்தால் வெளியேறாமல் இருதயத்தைத் தாக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் கூடிய இடம், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நீரிழிவு உள்ளவர்களுக்குப் பிரிப்பதை விட நல்லதொன்று இருக்கிறது. 2015 இல் நியூயோர்க்கில் நீரிழிவுள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு ஒழுங்கில் கொடுத்துப் பார்த்தார்கள். மரக்கறியும் இறைச்சியும் முதலில், கால்மணித்தியாலம் கழித்துப் பாணும் பழச்சாறும் என்றபோது, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இரத்தச் சீனி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் செலவில்லாமல் வீட்டில் செய்யலாம்: வறையையும் மீனையும் பாதி சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். ஒரே கோப்பை, ஒரே நேரம், ஒழுங்கு மட்டும் வேறு.

மாமியின் கொப்பியில் என்ன இருந்தது

மாமி பழைய வழக்கத்துக்கே திரும்பி எழுதிய முதற் கிழமைப் பக்கங்களிலேயே ஒன்று கண்ணில் பட்டது. ஊதல் வந்த ஐந்து நாளில் நாலு நாள் காலையில் கௌபி. கேட்டால், ஊறப்போட நேரமில்லை, பிரஷர் குக்கரில் நேரே போட்டு நாலு விசில் என்றா. அதற்கு முன்னால் ஐந்து மணிக்கு ஒரு பெரிய கப் பால்தேத்தண்ணி, வெறுவயிற்றில். மத்தியானம் பதினொன்று, பன்னிரண்டுக்குக் கீழ்வயிறு ஊதும். அந்த நேரத்தில் சமைத்துக்கொண்டிருந்தது மீன்குழம்பு, பழி மீனின் தலையில் விழுந்தது.

கௌபி இப்போது முதல்நாள் இரவே ஊறுகிறது, ஊறின தண்ணீர் வாழையடிக்குப் போகிறது. விடியப் பிளேன்ரீ, பால்தேத்தண்ணி காலைச் சாப்பாட்டு நேரம். இரவுச் சாப்பாடு ஏழு மணி. நாலாம் கிழமைப் பக்கத்தில் மாமி தன் கையால் எழுதியிருக்கிறா: "செவ்வாய், மத்தியானம். சோறு 2 அகப்பை, சூரைமீன் குழம்பு 1 துண்டு, வறை. பின்னேரம் ஒண்டும் இல்லை. வெள்ளி, கலியாண வீடு. ஊதல்."